மனக்காயத்துக்கு யாரிடம் போவது?

பெரிய அதிர்ச்சி ஒன்றிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஒருவர் கடைசியில் உதவி தேடலாம் என்று முடிவெடுக்கிறார். யாரோ ஒரு சிகிச்சையாளரின் எண்ணைத் தருகிறார்கள். அதைக் கைபேசியில் சேமித்துக்கொள்கிறார், ஆனால் அழைப்பதில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகிறது. அப்புறம் ஒருநாள் துணிந்து நேரம் வாங்குகிறார். அன்று காலையில் தலைவலி என்று ரத்து செய்துவிடுகிறார். வீட்டில் இருப்பவர்கள், ‘இவருக்கே குணமாகணும்னு எண்ணம் இல்லை, நாம என்ன செய்ய?’ என்று சலித்துக்கொள்கிறார்கள்.

அவரைத் தடுப்பது அந்த நோயேதான். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு வரும் மனநோயைப் பி.டி.எஸ்.டி என்பார்கள். நடந்ததை நினைவூட்டும் எதையும் விட்டு விலகி ஓடுவது அதன் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. சிகிச்சையாளரின் அறையில் அந்த நினைவைத் தொட வேண்டியிருக்கும் என்று மனத்துக்குத் தெரியும். அதனால் அந்த அறையும் தவிர்க்க வேண்டியவற்றோடு சேர்ந்துவிடுகிறது. இந்தத் தவிர்த்தலைப் புரிந்துகொண்டால் மீதி விஷயங்கள் எளிதாகப் பிடிபடும். இதற்கென்று சிறப்புச் சிகிச்சை ஏன் வேண்டும், அதை எப்படித் தேடுவது, கிடைத்தது சரியானதுதானா என்று எப்படிப் பார்ப்பது என எல்லாமே இதோடு பின்னிக் கிடக்கின்றன.

எல்லா அதிர்ச்சியும் நோயாவதில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தங்கள் வாழ்நாளில் மனத்தைக் காயப்படுத்தக்கூடிய ஒரு நிகழ்வையாவது சந்திக்கிறார்கள். விபத்து, பேரிடர், போர், தாக்குதல், பாலியல் வன்முறை என்று அது எதுவாகவும் இருக்கலாம். அவர்களில் பி.டி.எஸ்.டி வரை போவது 5.6 சதவீதம் பேர். போரிலும் வன்முறை மோதல்களிலும் சிக்கியவர்களிடம் இது 15.3 சதவீதமாகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் மிக அதிகம். ஆக, அதிர்ச்சிக்கு ஆளான எல்லோரையும் உடனே சிகிச்சைக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சோறு இறங்காமல் போவது, எதையும் உணராமல் மரத்துப்போவது எல்லாம் பலருக்கும் வந்து, மெல்லத் தணிந்துவிடுகின்றன.

சொல்லப்போனால், அவசரப்பட்டு உதவுவது சில சமயம் பயனற்றுப் போகிறது. நிகழ்வு நடந்த கையோடு பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, ‘என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்’ என்று ஒரே அமர்வில் பேசவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளில் அது பி.டி.எஸ்.டியைத் தடுக்கவில்லை. சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கலாம் என்று தெரிந்தபிறகு வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டன. அந்த முதல் நாட்களில் தேவைப்படுவது பாதுகாப்பான இடம், உணவு, தூக்கம், உடன் இருக்க நம்பகமான ஆள், நம்பகமான தகவல். பேச விரும்பினால் கேட்க ஒரு காது. பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

சரி, எப்போது நோய் என்கிறோம்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல்தான் பி.டி.எஸ்.டியைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. இன்றைய வரையறையில் நான்கு வகை அறிகுறிகள் உண்டு. அழையாமல் வந்து நுழையும் நினைவுகளும் கெட்ட கனவுகளும் ஒன்று. ஃப்ளாஷ்பேக் இதில்தான் சேரும். அப்போது நடந்தது நினைவாக வருவதில்லை, இந்த நிமிடம் மறுபடி நடப்பதைப்போல உடம்பே அதை அனுபவிக்கிறது. இரண்டாவது, முன்னே சொன்ன தவிர்த்தல். மூன்றாவது, எண்ணத்திலும் மனநிலையிலும் வரும் மாற்றம்: ‘தப்பு என்னுடையதுதான்’, ‘யாரையும் நம்ப முடியாது’ போன்ற முடிவுகள், பிடித்தவர்களிடம்கூட ஒட்டாமல் போவது. நான்காவது, உடம்பு எந்நேரமும் எச்சரிக்கையில் இருப்பது. திருடன் போய் வெகுநாளான பிறகும் இலை அசைந்தால் குரைக்கும் காவல் நாயைப் போல நரம்பு மண்டலம் அடங்காமல் இருக்கும். தூக்கமின்மை, எரிச்சல், கவனச்சிதறல் எல்லாம் அதன் விளைவுகள்.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ படிப்பையோ உறவையோ கெடுக்கத் தொடங்கினால் மதிப்பீடு செய்துகொள்வது நல்லது. ஒரு மாதத்துக்குள் இவை கடுமையாக இருந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு, அதற்கும் உதவி உண்டு. சிலருக்கு முழு அறிகுறிகளும் ஆறு மாதம் கழித்து, ஏன் வருடங்கள் கழித்துக்கூட வெளிப்படும். ‘அவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தாய்’ என்ற கேள்விக்கு அங்கே அர்த்தம் இல்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. சிறுவயதில் வருடக்கணக்கில் கொடுமைக்கு ஆளானவர்கள், குடும்ப வன்முறையில் நெடுநாள் சிக்கியிருந்தவர்கள், சிறையிலும் சித்திரவதையிலும் இருந்தவர்கள் போன்றவர்களிடம் மேலே சொன்னவற்றோடு வேறு மூன்று சிக்கல்களும் சேர்ந்துகொள்ளும். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாது. ‘நான் மதிப்பற்றவன்’, ‘நான் அசிங்கமானவள்’ என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கும். யாரோடும் நெருக்கமாக இருக்க முடியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி என்று தனியாக அங்கீகரித்தது. சிகிச்சை தேடும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஒரு விபத்துக்குப் பிறகு வந்த பி.டி.எஸ்.டியைக் கையாண்டு பழகியவர் இதைக் கையாளத் தயாராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

நமக்கு இருப்பது இதுதானா என்று முன்கூட்டியே ஓரளவு பார்க்க பி.சி.எல்-5 என்ற வினாத்தாள் உதவும். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33 வரையிலான மதிப்பெண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் விரிவான மதிப்பீடு தேவை என்று எடுத்துக்கொள்வார்கள். அதை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. அது நேரில் பேசிச் செய்ய வேண்டிய வேலை.

கனிவான பேச்சு ஏன் போதவில்லை

அன்பாகப் பேசும், பொறுமையாகக் கேட்கும் ஒரு கவுன்சிலரிடம் மாதக்கணக்கில் போய்வந்தும் கெட்ட கனவு குறையவில்லை என்று சொல்பவர்கள் பலர். கவுன்சிலர் மோசமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வாரம் அலுவலகத்தில் நடந்தது, அம்மாவோடு வந்த சண்டை, தூக்கமின்மை என்று பேச்சு ஓடுகிறது. நேரம் முடிகிறது. நடந்த சம்பவத்தை யாரும் தொடவில்லை. வந்தவருக்கு அதைத் தொடப் பயம். தொட்டால் அவர் உடைந்துவிடுவாரோ என்று கவுன்சிலருக்கும் பயம். இரண்டு பேரும் சேர்ந்து, தெரியாமலேயே, நோயின் விதிக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார்கள்.

தவிர்த்தல் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது. அதனால்தான் அது வலுப்பெறுகிறது. சம்பவம் நடந்த தெருவைச் சுற்றிப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ‘சுற்றிப் போனதால்தான் தப்பித்தேன்’ என்ற பாடம் கிடைக்கிறது. அந்தத் தெரு இன்று ஆபத்தில்லாதது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. நினைவுக்கும் இதே கதிதான். அது தலைதூக்கும்போதெல்லாம் அழுத்தி மூடினால், முடிந்துபோன ஒன்றாக அது மனத்தில் பதிவதில்லை, துண்டு துண்டாகக் கிடந்து மறுபடி மறுபடி வருகிறது. கூடவே ‘அன்றைக்கு நான் அங்கே போயிருக்கவே கூடாது’ போன்ற தீர்ப்புகளும் கேள்விக்கு உட்படாமல் அப்படியே உறைந்துவிடுகின்றன.

ஆதாரம் வலுவாக உள்ள சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் இங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பான சூழலில், ஒரு திட்டத்தோடு, அந்த நினைவையோ அதன் அர்த்தத்தையோ அவை நேராகக் கையாள்கின்றன. இவற்றை ட்ராமா-ஃபோகஸ்ட் சிகிச்சைகள் என்பார்கள். ட்ராமா-இன்ஃபார்ம்ட் என்று இன்னொரு அடைமொழியும் புழக்கத்தில் இருக்கிறது. மனக்காயம் பட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைச் செய்து அவர்களை மேலும் காயப்படுத்தக் கூடாது என்று தெரிந்த அணுகுமுறையை அது குறிக்கும். பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாமே அப்படி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அது சிகிச்சை ஆகாது. சிகிச்சையாளர்களின் அறிமுகக் குறிப்புகளில் இரண்டாவது அடைமொழி தாராளமாகத் தென்படும். தேடுபவர் கேட்க வேண்டியது முதலாவதை.

பெயர் தெரிந்திருக்க வேண்டிய முறைகள்

பிரலாங்டு எக்ஸ்போஷர் என்பது உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறை. தவிர்த்தலை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் சிகிச்சை இது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 90 நிமிடம். கண்ணை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். பயந்து விலக்கிவைத்த, ஆனால் உண்மையில் ஆபத்தில்லாத இடங்களுக்கும் செயல்களுக்கும் எளிதானதில் தொடங்கிப் படிப்படியாகத் திரும்ப வேண்டும். கேட்கவே கடுமையாக இருக்கிறது, செய்வதும் கடினம்தான். ஆனால் மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகளில் இதுவும் ஒன்று. முதல் முறை சொல்லும்போது மூச்சுத் திணறிய அதே சம்பவத்தைச் சில வாரங்களில் அழுகையோடு, ஆனால் நிலைகுலையாமல் சொல்ல முடிகிறது.

காக்னிட்டிவ் ப்ராசசிங் தெரபி, பட்ரீஷியா ரெசிக்கும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. வழக்கமாக 12 அமர்வுகள். சம்பவத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. அந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுத்த முடிவுகள்தான் இங்கே கவனம் பெறுகின்றன. ‘நான் கத்தியிருந்தால் தடுத்திருக்கலாம்’ என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் உண்மையில் என்ன தெரிந்திருந்தது, உடம்பு உறைந்துபோவது நம் தேர்வா, இதே நிலையில் இருந்த வேறொருவரிடம் இப்படிச் சொல்வோமா என்று எழுதி எழுதிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, சுயமதிப்பு, நெருக்கம் ஆகிய ஐந்தும் தனித்தனியாக அலசப்படும். வீட்டுப்பாடம் அதிகம். குற்ற உணர்ச்சியும் வெட்கமும்தான் பயத்தைவிடப் பெரிய சுமையாக இருக்கிறது என்பவர்களுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இ.எம்.டி.ஆர், பிரான்சின் ஷாப்பிரோ 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. நினைவின் மிக மோசமான காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் இடமும் வலமும் பின்தொடர வேண்டும். விரலுக்குப் பதிலாக மாறி மாறித் தட்டுவதோ ஒலியோ பயன்படுவதும் உண்டு. முழுச் சிகிச்சைக்கும் எட்டுக் கட்டங்கள். நடந்ததை விளக்கமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் குறைவு. பேசவே வராதவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. கண் அசைவு தனியாக எதையாவது சேர்க்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் சச்சரவு உண்டு. சிகிச்சை மொத்தமாகப் பலன் தருவதில் பெரிய சச்சரவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே இது இடம்பெற்றது.

இவை தவிர, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி என்ற பேச்சுச் சிகிச்சையில் மனக்காயத்தை மையமாகக் கொண்ட பிற வடிவங்கள் உண்டு. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்களை மனத்தில் வைத்து உருவான நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபியும் உண்டு. ஒரு கயிற்றை வாழ்க்கைக் கோடாக விரித்து, நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, பிறப்பிலிருந்து வரிசையாக வாழ்க்கையைச் சொல்லி எழுதும் முறை அது. ஒரு சம்பவத்தைத் தனியாகப் பிரிக்க முடியாதபடி துயரம் அடுக்கடுக்காக வந்தவர்களுக்கு ஏற்றது.

இவற்றில் எது சிறந்தது? ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய இடைவெளி தெரிவதில்லை. அருகில் கிடைப்பதும், தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றுவதும்தான் சரியான தேர்வு. யோகா, மூச்சுப் பயிற்சி, ஓவியம் போன்றவை உடம்பை அமைதிப்படுத்தத் துணையாக நன்றாக உதவும். அவற்றை மட்டுமே சிகிச்சையாக முன்வைப்பவரிடம் ‘பி.டி.எஸ்.டிக்கு இதற்கு என்ன ஆதாரம்?’ என்று தயங்காமல் கேட்கலாம்.

தேடும்போது

பட்டப்பெயர்கள் குழப்பும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், சிலர் பேச்சுச் சிகிச்சையும் செய்வார்கள். மருத்துவ உளவியலாளர் மதிப்பீட்டிலும் பேச்சுச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவர். ஆலோசகர், மனநலச் சமூகப் பணியாளர், தெரபிஸ்ட் என்ற பெயர்களுக்குப் பின்னால் உள்ள பயிற்சி மிகக் குறைந்ததிலிருந்து மிக ஆழமானதுவரை இருக்கலாம். யார் யார் எந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உரிமமோ பதிவோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குமேல் பெயர்ப்பலகையை மறந்துவிடலாம். எத்தனை பட்டம் வாங்கினார் என்பதைவிட, மேலே சொன்ன முறைகளில் எதில் பயிற்சி பெற்றார் என்பதுதான் இங்கே எடுபடும்.

பல முறைகளுக்குப் பயிற்சி பெற்றவர்களின் பட்டியலை அந்தந்த முறைக்கான சங்கங்களும் பயிற்சி அமைப்புகளும் வைத்திருக்கின்றன. அங்கே தொடங்குவது, பொதுவான தேடுபொறியில் தொடங்குவதைவிட நல்லது. குடும்ப மருத்துவர், பல்கலைக்கழக உளவியல் துறைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான உதவி மையங்கள், அகதிகளுடன் வேலை செய்யும் அமைப்புகள் ஆகியோருக்கும் பெரும்பாலும் யார் இதில் தேர்ந்தவர் என்று தெரிந்திருக்கும். அருகில் யாரும் இல்லையென்றால் காணொளி வழியாகவும் இச்சிகிச்சைகளைச் செய்யலாம். நேரில் செய்வதற்கு ஈடான பலன் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒட்டுக்கேட்கப்படாத ஓர் அறை வேண்டும். காயப்படுத்தியவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது நடக்காத காரியம்.

அழைக்க முடியாமல் தவிப்பவருக்கு இங்கே ஒரு சின்ன வழி. கதை முழுவதையும் தொலைபேசியில் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கு ஒரு மோசமான அனுபவம் நடந்தது, அதன் பிறகு தூக்கமும் நினைவுகளும் தொந்தரவாக இருக்கின்றன. பி.டி.எஸ்.டிக்கு நீங்கள் என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள்?’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அதையும் நம்பகமான ஒருவரைக் கொண்டு அனுப்பச் சொல்லலாம். நேரம் வாங்கித் தருவது, கூடவே போய் வெளியே காத்திருப்பது என்று வீட்டார் செய்யக்கூடிய உதவிகள் இவை. என்ன நடந்தது என்று துருவிக் கேட்பது இந்த உதவியில் சேராது.

முதல் பேச்சிலோ முதல் சந்திப்பிலோ கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த முறை, அதில் எங்கே பயிற்சி, அதற்கு மேற்பார்வை யாராவது தருகிறார்களா? தனக்கு நடந்ததைப் போன்ற அனுபவம் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா? ஏறக்குறைய எத்தனை அமர்வுகள், முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பார்? நினைவைத் தொடும் கட்டத்துக்கு எப்போது போவோம்? அமர்வுகளுக்கு இடையில் நிலைமை கெட்டால் யாரை அழைப்பது? சொல்வது எதுவரை ரகசியம், எந்தச் சூழலில் அவர் வெளியே சொல்லியாக வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல சிகிச்சையாளர் முகம் சுளிக்க மாட்டார். பெரும்பாலும் பதில் தயாராகவே இருக்கும். ‘எனக்கு ஒரே முறை என்று கிடையாது, ஆளுக்குத் தகுந்தாற்போல் எல்லாவற்றையும் கலந்து செய்வேன்’ என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆழ்ந்த அனுபவத்திலிருந்தும் இந்தப் பதில் வரலாம், எந்த முறையிலும் முழுப் பயிற்சி இல்லாததாலும் வரலாம்.

உள்ளே போன பிறகு

முதல் அமர்விலேயே சம்பவத்தை விலாவாரியாகச் சொல்லச் சொன்னால் அது சரியில்லை. நல்ல தொடக்கம் மதிப்பீட்டில் ஆரம்பிக்கும். இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, தற்கொலை எண்ணம் உண்டா, மது அல்லது போதைப்பொருள் எவ்வளவு, தூக்கம் எப்படி, உடல்நோய் ஏதாவது உண்டா என்று கேட்பார். வன்முறை இன்னும் தொடர்கிறது என்றால் அதிலிருந்து காப்பதே முதல் வேலை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது வலுவாக இருந்தால் சிகிச்சையாளரின் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவோ நெருக்கடி உதவி எண்ணோதான் முதலில்.

அடுத்து, நோய் எப்படி இயங்குகிறது, எதற்காக எதைச் செய்யப்போகிறோம் என்ற விளக்கம் வர வேண்டும். அதிர்ந்துபோகும்போது தன்னை இந்த நிமிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் உத்திகள் சிலவும் வேண்டும்: பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது போன்றவை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் முன்வைத்த மூன்று கட்டப் பார்வை பரவலாக அறியப்பட்டது. முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவும் துக்கமும், பிறகு வாழ்க்கையோடு மறுபடி இணைவது. சிக்கலான பி.டி.எஸ்.டி உள்ளவர்களுக்கு முதல் கட்டம் நீளலாம்.

ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சியும் நிலைப்படுத்தலும் மட்டுமே நடந்து, ‘இன்னும் தயாராகவில்லை’ என்றே ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டால், எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும். சில சமயம் காரணம் நியாயமாக இருக்கும். சில சமயம் அது தவிர்த்தலின் நாகரிகமான வடிவம்.

நினைவைத் தொடத் தொடங்கிய வாரங்களில் கனவுகளும் பதற்றமும் தற்காலிகமாகக் கூடலாம். நடுவில் விட்டுவிடலாமா என்று இந்த இடத்தில் தோன்றலாம். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டும் சிகிச்சையாளரிடம் இதைக் கடப்பது எளிது. அடுத்த அமர்வுக்குப் போக முடியாது என்று தோன்றினால், போய் அதையே சொல்வதுதான் அந்த அமர்வின் சிறந்த பயன்பாடு. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பல நல்ல அமர்வுகள் தொடங்கும்.

கடினமான சிகிச்சைக்கும் மோசமான சிகிச்சைக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஒரே அமர்வில் குணப்படுத்துகிறேன் என்பவர், மறந்துபோன கொடுமையை ஹிப்னாடிசத்தால் வெளியே எடுக்கிறேன் என்பவர், செய்தவரை மன்னித்தால்தான் நிம்மதி என்று நெருக்குபவர், உங்கள் நேரத்தில் தன் கதையைச் சொல்பவர், சம்மதம் கேட்காமல் தொடுபவர், வெளியே சந்திக்க அழைப்பவர் ஆகியோரிடமிருந்து விளக்கம் சொல்லாமலேயே விலகலாம். கடைசி இரண்டையும் அவருடைய உரிமத்தை வழங்கிய அமைப்பிடம் புகாராகவும் கொண்டுபோகலாம். நம்பிக்கை ஒரேயடியாக வந்துவிடாது என்பதும் உண்மை. மனக்காயம் பட்டவர் யாரையும் உடனே நம்ப மாட்டார். அதனால் இரண்டு மூன்று அமர்வு பார்த்துவிட்டு, ‘இவரிடம் பயம் இருக்கிறது, ஆனால் மதிப்பும் இருக்கிறது’ என்றால் தொடரலாம். பேசியதைக் கேட்கவே இல்லை என்ற உணர்வு மிஞ்சினால் மாற்றிக்கொள்ளலாம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. செர்ட்ராலின், பராக்ஸ்டின், வென்லாஃபாக்சின் ஆகிய மூன்றுக்கும் பி.டி.எஸ்.டியில் ஆதாரம் உண்டு. பேச்சுச் சிகிச்சை கிடைக்காதபோதோ, மனச்சோர்வு கூடவே அழுத்தும்போதோ அவை உதவும். முன்னணி வழிகாட்டுதல்கள் பேச்சுச் சிகிச்சைக்கே முதலிடம் தருகின்றன. அல்பிரசோலம், டயாசிபாம் போன்ற பென்சோடயாசிபின் வகை மாத்திரைகள் அந்த நேரப் பதற்றத்தை அடக்கினாலும் பி.டி.எஸ்.டிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழந்தைகளின் விஷயம் தனி. நடந்ததை அவர்கள் வாயால் சொல்வதைவிட விளையாட்டில் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டலாம். படுக்கையை நனைக்கத் தொடங்கலாம், அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். பள்ளியில் அடங்காத பிள்ளை என்று பெயரும் வாங்கலாம். அவர்களுக்கென்றே உருவான ட்ராமா-ஃபோகஸ்ட் சி.பி.டியில் பெற்றோருக்கோ பராமரிப்பவருக்கோ தனி அமர்வுகள் உண்டு. பெரியவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் பார்க்கும் சிகிச்சையாளரிடம், பெற்றோரின் பங்கு என்ன என்று கேட்பது நியாயமே.

சிகிச்சை முடிந்த பிறகும் சம்பவம் நடந்த தேதி நெருங்கும்போதோ, வழக்கு விசாரணைக்கு வரும்போதோ, அதே போன்ற செய்தி ஒன்று எங்கும் ஓடும்போதோ அறிகுறிகள் சில நாள் தலைகாட்டலாம். அதற்காக நோய் முழுதாகத் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த நாட்கள் கடினமாக இருக்கும், முன்பு எது உதவியது, எத்தனை நாள் நீடித்தால் மறுபடி அழைப்பது என்பதைக் கடைசி அமர்வுகளிலேயே சிகிச்சையாளரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் போக நேர்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. ஏற்கெனவே கற்றதைத் தூசிதட்டிக்கொள்ளச் சில அமர்வுகளே போதுமானதாக இருக்கலாம்.